ஊனுண்ணி: சொல்லும் பொருளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடம் நடத்துபவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், விலங்குகளைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோருக்கும் இந்தச் சொல்லில் வரும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். பாதி எழுத்தைப் பற்றியவை, மீதி பாண்டாவைப் பற்றியவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்து, எளிதிலிருந்து சிக்கலுக்குப் போகும்படி அடுக்கியிருக்கிறோம்.

ஊனுண்ணின்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

பிற விலங்குகளின் உடலையே முழு உணவாகவோ முதன்மை உணவாகவோ கொண்டு வாழும் விலங்கு ஊனுண்ணி. தசை மட்டுமல்ல, குருதி, ஈரல், எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை எல்லாம் இதில் அடங்கும்.

அந்த விலங்கு எதைத் தின்கிறது என்பதை மட்டுமே இந்தச் சொல் சொல்கிறது. எப்படிப் பிடிக்கிறது, மூர்க்கமானதா, எந்த விலங்குக்கு உறவு என்பதைச் சொல்வதில்லை. கீழே வரும் குழப்பங்களில் பல, சொல்லுக்குள் இல்லாத இந்தப் பொருள்களை நாமாக ஏற்றிவிடுவதால் வருபவை.

இந்தச் சொல் எப்படி உருவாச்சு?

ஊன் என்ற பெயரும் உண் என்ற வினையடியும் இ என்ற விகுதியும் சேர்ந்தது. இந்த இகர விகுதி, செயலைச் செய்யும் ஆளையோ பொருளையோ குறிக்கும். வழிகாட்டுவது வழிகாட்டி, பூச்சியைக் கொல்வது பூச்சிக்கொல்லி, நாடெல்லாம் ஓடுபவர் நாடோடி. அதே அச்சில் ஊனை உண்பது ஊனுண்ணி. நடுவில் வரவேண்டிய ‘ஐ’ மறைந்திருப்பதால் இலக்கணத்தில் இது இரண்டாம் வேற்றுமைத் தொகை.

விகுதியும் பழையது, ஊனையும் உண்ணையும் சேர்த்துச் சொல்வதும் பழையது. சினத்தைச் ‘சேர்ந்தாரைக் கொல்லி’ என்கிறது திருக்குறள். புலால் மறுத்தல் அதிகாரத்தின் முதல் குறளில் (251) ‘தன்னூன் பெருக்கற்குத் தான்பிறிது ஊனுண்பான்’ என்று வருகிறது. அந்த ஒரே அடியில் ஊன் இரண்டு வேலை செய்வதைக் கவனியுங்கள். முதல் ஊன் உண்பவனுடைய உடல், இரண்டாவது ஊன் அவன் தின்னும் இறைச்சி. உயிரோடு இருக்கும் உடம்புக்கும் உணவாகிவிட்ட தசைக்கும் அங்கே பெயர் ஒன்றே. ஆனால் அது மனிதனைப் பற்றிய பேச்சு. விலங்குகளை உணவை வைத்து வகைப்படுத்தும் கலைச்சொல்லாக ஊனுண்ணி நிலைபெற்றது தற்கால அறிவியல் தமிழில்தான்.

ஊனுண்ணியா, ஊணுண்ணியா? ரெண்டையும் பார்த்திருக்கேனே.

ஊனுண்ணிதான் சரி. றன்னகர ன். டண்ணகரம் போட்டு ஊண் என்றால் உணவு. உண் என்ற வினையின் முதலெழுத்து நீண்டு ஊண் ஆகிறது. சுடு சூடு ஆவதும் கெடு கேடு ஆவதும் இதே முறையில்தான். அப்படிப் பார்த்தால் ‘ஊணுண்ணி’ என்பதற்கு உணவை உண்பது என்று பொருள் வரும். உணவை உண்ணாத உயிர் எது?

அடுத்த எழுத்து ‘ண்ணி’யாக இருப்பதால் விரல் தானாக முன்னெழுத்துக்கும் ‘ணு’ போட்டுவிடுகிறது. தட்டச்சில் மிகுதியாகக் காணும் பிழை இது. மலையாளத்திலும் இந்த இரட்டை அப்படியே இருக்கிறது: ஊன் என்றால் தசை, ஊண் என்றால் சாப்பாடு.

புல்லுண்ணியில ‘ல்’ ரெண்டு தடவை வருது. ஊனுண்ணியில மட்டும் ‘ன்’ ஏன் ஒண்ணு?

தனிக் குறிலை அடுத்து வரும் மெய்தான் உயிருக்கு முன்னால் இரட்டிக்கும். புல் என்பதில் ‘பு’ குறில், அதனால் புல் + உண்ணி = புல்லுண்ணி. ஊன் என்பதில் ‘ஊ’ நெடில், அதனால் மெய்யின்மேல் உயிர் அப்படியே ஏறி ஊனுண்ணி ஆகிறது. மீனுண்ணி, தேனுண்ணி இரண்டும் இப்படித்தான். ‘ஊன்னுண்ணி’ என்று எழுதுவது தவறு.

மற்றவற்றையும் சொல்லிவிடலாம். அனைத்து + உண்ணி என்பதில் குற்றியலுகரம் கெட்டு அனைத்துண்ணி. பூச்சி + உண்ணி என்பதில் யகரம் தோன்றிப் பூச்சியுண்ணி. தாவரம் + உண்ணி என்பதில் மகரம் கெட்டு வகரம் தோன்றித் தாவரவுண்ணி; ஆனால் இதைத் தாவர உண்ணி என்று பிரித்து எழுதுவதே பெருவழக்கு. ஊன் உண்ணி என்று பிரித்து எழுதினாலும் பொருள் கெடாது. சிறு குழந்தைகளுக்கான நூலில் பிரித்தே அச்சிடலாம். மற்ற இடங்களில் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவது நல்லது, ஏனென்றால் பன்மையும் வேற்றுமை உருபும் அதன்மேல்தான் ஏறுகின்றன: ஊனுண்ணிகளுக்கு, ஊனுண்ணியின்.

உண்ணின்னா நாய் மேல ஒட்டிக்கிட்டிருக்கிற பூச்சி இல்லையா?

அதுவும் உண்ணிதான். குருதியை உண்பதால் வந்த பெயர். எட்டுக் கால் இருப்பதால் அது பூச்சியினம் இல்லை, சிலந்திக்கு உறவு. ஆனால் அது வேறு கதை. தனியாக வரும்போது உண்ணி என்பது அந்தச் சிற்றுயிருக்குப் பெயர். வேறொரு சொல்லின் பின்னால் வரும்போது ‘உண்பது’ என்று பொருள். ஒட்டுண்ணி என்பதில் இரண்டும் கலந்ததுபோல் தோன்றினாலும் அங்கேயும் ‘ஒட்டி உண்பது’ என்பதே பொருள்.

புலி ‘தின்னும்’னுதானே சொல்வோம்? ‘உண்ணும்’னா மரியாதையா இருக்கே?

இன்றைய பேச்சில் உண்பது மனிதருக்கும் தின்பது விலங்குக்கும் என்று ஒரு பிரிவு இருப்பது உண்மை. பழைய தமிழில் பிரிவு வேறு மாதிரி. மென்று விழுங்குவது தின்னல். உண்ணல் அதைவிடப் பரந்தது. சோறுண்டான், நீருண்டான், கள்ளுண்டான் எல்லாவற்றிலும் அது வரும். தின்பதும் குடிப்பதும் உறிஞ்சுவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கவேண்டிய கலைச்சொல்லுக்கு ‘உண்’ என்பதே பொருந்துகிறது. ஒட்டுண்ணி எதையும் மெல்வதில்லை, அதைத் ‘தின்னி’ என்றால் ஒட்டாது.

தின்னி என்று முடியும் பெயர்களும் உண்டு: எறும்புத்தின்னி, பிணந்தின்னி, பழந்தின்னி வௌவால். இவை மக்கள் வழக்கில் பிறந்த பெயர்கள், அதனால் ஓசையிலேயே ஒரு கடுமை இருக்கிறது. ஜெர்மன் மொழியில் மனிதர் உண்பதற்கு ஒரு வினை, விலங்கு தின்பதற்கு இன்னொன்று. அவர்கள் ஊனுண்ணிக்கு வைத்திருக்கும் ‘ஃப்ளைஷ்ஃப்ரெஸ்ஸர்’ என்ற சொல் விலங்குக்குரிய வினையிலிருந்து வந்தது. தமிழ்க் கலைச்சொல் அந்த வேறுபாட்டுக்குள் போகவில்லை.

ஊன், புலால், இறைச்சி, மாமிசம், கறி: எல்லாம் ஒண்ணுதானா?

சுட்டும் பொருள் ஒன்று, வந்த வழி வேறு. ஊன் உடலையும் தசையையும் குறிக்கும். புலால் என்பதில் நாற்றம் சேர்ந்திருக்கிறது. புலவு என்றால் பச்சை மீனும் இறைச்சியும் வீசும் வாடை. ஒரு குறள் (257) புலாலைப் ‘பிறிதொன்றன் புண்’ என்கிறது. வெறுப்பைக் காட்டவேண்டிய இடத்தில் ஊனைவிடப் புலாலுக்கு வலிமை கூடுதல். இறைச்சி உணர்ச்சி கலக்காத பொதுச்சொல்.

கறியின் கதைதான் சுவையானது. சங்கப் பாடல்களில் கறி என்றால் மிளகு. யவனர் கலங்கள் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று அகநானூறு (149) முசிறியைப் பற்றிப் பாடுவது மிளகு வணிகத்தை. காரமிட்டுச் சமைத்த உணவுக்குப் பெயராகி, பிறகு இறைச்சிக்கே பெயராகிவிட்டது. சமையலைத் தொட்டு வந்த சொல் என்பதால்தான் புலியைக் ‘கறியுண்ணி’ என்று யாரும் சொல்வதில்லை.

மாமிசம் வடமொழியின் மாம்ஸம். இதன் உறவினர்கள் தொலைவில் இருக்கிறார்கள். இறைச்சிக்கு ரஷ்ய மொழியில் ‘மியாசோ’, ஆர்மேனிய மொழியில் ‘மிஸ்’. எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள்.

மாமிச பட்சிணின்னா மாமிசம் தின்னும் பறவைன்னு நினைச்சேன். சரியா?

இல்லை, ஆனால் நினைத்ததில் வியப்பில்லை. வடமொழியில் இரண்டு தனிச் சொற்கள் உண்டு. பக்ஷம் என்றால் சிறகு, சிறகுடையது பக்ஷி, தமிழில் பட்சி. இன்னொன்று பக்ஷ் என்ற வினை, இதன் முதலெழுத்து மூச்சு அழுந்தி ஒலிக்கும் ‘ப’, பொருள் தின்னுதல். அதிலிருந்து வந்தவை பட்சிணி, பட்சித்தல், பட்சணம். தமிழ் எழுத்தில் இரண்டு பகரமும் ஒன்றாகிவிடுவதால் சிறகும் தீனியும் ஒரே வடிவத்தில் வந்து நிற்கின்றன.

ஆகவே மாமிச பட்சிணி என்பது ஊனுண்ணியேதான். சாக பட்சிணி என்பது இலை, காய், கிழங்கு தின்பது. வடமொழியில் பக்ஷிணி பெண்பால் வடிவம். தமிழுக்கு வந்தபின் அந்தப் பால் வேறுபாடு போய்விட்டது. ஆண் சிங்கமும் மாமிச பட்சிணிதான். இந்தி, தெலுங்கு, கன்னட மொழிகளில், உணவு என்று பொருள்படும் ஆஹாரம் சேர்ந்த மாம்ஸாஹாரி என்ற வடிவம் பெருவழக்கு.

வடமொழியில இதுக்கு இன்னும் பழைய சொல் இருக்குன்னு சொல்றாங்களே?

கிரவ்யாத் அல்லது கிரவ்யாத என்ற சொல். கிரவ்ய என்றால் பச்சை ஊன், அத் என்றால் தின்னுதல். வேதத்திலேயே வருகிறது, பிணத்தை எரிக்கும் தீயையும் இந்தப் பெயரால் அழைத்திருக்கிறார்கள். பிற்கால நூல்களில் ஊன் தின்னும் விலங்குக்கும் அரக்கருக்கும் பெயர்.

கிரவ்யத்தின் வேர் கிரேக்கத்தில் ‘கிரேயாஸ்’, அதாவது தசை. கணையத்துக்குப் பாங்கிரியாஸ் என்று பெயர் வந்தது அதிலிருந்துதான்: எலும்பும் குருத்தெலும்பும் இல்லாமல் முழுக்கத் தசையாக இருப்பது என்ற பொருளில். பச்சையான என்று பொருள்படும் ஆங்கில ‘ரா’வும் இதே வேர்.

கார்னிவோர் எங்கிருந்து வந்த சொல்?

லத்தீன். காரோ என்றால் ஊன். உருபேற்கும்போது அது கார்னிஸ் ஆகும். வொராரே என்றால் விழுங்கு, அள்ளித் தின்னு. இரண்டும் சேர்ந்த கார்னிவோரஸ், முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிய இயற்கை நூலிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் பெயரடை 17ஆம் நூற்றாண்டில் வந்தது, விலங்கைக் குறிக்கும் பெயர்ச்சொல் 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக வந்தது.

தமிழ்ச் சொல்லும் லத்தீன் சொல்லும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை: முன்னால் உணவு, பின்னால் உண்பது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. வொராரேயில் ஒரு பேராசை இருக்கிறது, உண்ணில் அது இல்லை. காரோவின் வேரும் ஊனிலிருந்து மாறுபட்டது. ‘வெட்டு’ என்று பொருள்படும் வேரிலிருந்து வந்ததால் அதன் முதற்பொருள் வெட்டிய துண்டு, பங்கு. ஹெர்பிவோர் (ஹெர்பா – செடி), ஆம்னிவோர் (ஆம்னிஸ் – எல்லாம்) ஆகியவற்றிலும் பின்பாதி வொராரேதான்.

கார்னிவலுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. கிறிஸ்தவர்கள் தவக்காலத்தில் இறைச்சியை விலக்குவதற்கு முந்தைய கொண்டாட்டம் கார்னிவல். ‘இறைச்சியை நீக்கல்’ என்று பொருள்படும் கார்னெ லெவாரே என்பதிலிருந்து வந்தது. ‘கார்னெ வாலே’, அதாவது ‘இறைச்சியே, போய்வா’ என்பது பின்னாளில் கட்டிய விளக்கம். அழகாக இருப்பதால் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கல்லால் ஆன பிணப்பெட்டிக்குச் சொல்லும் சார்க்கோபேகஸ் என்பதும் நேர்ப்பொருளில் ஊனுண்ணியே. கிரேக்கத்தில் சார்க்ஸ் ஊன், ஃபகெயின் தின்னுதல். அஸ்ஸோஸ் என்ற ஊரின் கல், பல்லைத் தவிர உடல் முழுவதையும் 40 நாளில் தின்றுவிடும் என்று பிளினி எழுதுகிறார். கல்லின் பெயர் பெட்டிக்கு வந்துவிட்டது.

ஊனுண்ணி விலங்கு, ஊனுண்ணி மிருகம், ஊனுண்ணிப் பிராணி: எது சரி?

மூன்றும் சரி. விலங்கு என்பதன் அடிப்பொருள் குறுக்கானது. மனிதனைப்போல் நிமிராமல் உடல் கிடைமட்டமாக இருப்பதால் வந்த பெயர். வடமொழியில் விலங்குக்குச் சொல்லும் திரியக் என்பதும் இதே கருத்துதான். மிருகம் முதலில் காட்டு விலங்கையும் சிறப்பாக மானையும் குறித்தது, அதனால் மானைக் கொல்லும் புலியை மிருகம் என்பதில் ஒரு முரண் உண்டு. பிராணி என்றால் உயிர்மூச்சு உடையது, பறவையும் மீனும்கூட அதில் வரும். பல நேரங்களில் இந்தப் பின்னொட்டே தேவையில்லை, ஊனுண்ணி என்றாலே போதும்.

ஊனுண்ணி எல்லாம் வேட்டையாடுமா?

ஆடாது. வேட்டையாடி இரையைக் கொன்று தின்பது கொன்றுண்ணி. செத்துக்கிடப்பதைத் தின்பது பிணந்தின்னி. இரண்டும் ஊனுண்ணிக்குள் அடங்கும். பிணந்தின்னிக் கழுகு பெரும்பாலும் எதையும் கொல்வதில்லை, ஆனாலும் முழு ஊனுண்ணி.

விலங்குகளை இந்த இரண்டு பெட்டிக்குள் பிரித்துப்போடுவதும் எளிதல்ல. கழுதைப்புலி பிறர் எச்சிலில் வாழ்வது என்ற பேச்சு பழையது. புள்ளிக் கழுதைப்புலி தன் உணவில் பெரும்பகுதியைத் தானே வேட்டையாடிக் கொள்கிறது, சிங்கம் அதனிடமிருந்து பிடுங்கித் தின்பதும் நடக்கிறது. பிணந்தின்னி என்ற பெயரை ஓர் இனத்துக்கே ஒட்டுமுன் அது எங்கே, எப்படி உணவு தேடுகிறது என்று பார்க்கவேண்டும்.

பாண்டா மூங்கில்தான் தின்னுது. அப்புறம் எப்படி அது ஊனுண்ணி?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஊனுண்ணி என்பது இன்று இரண்டு பொருளில் வழங்குகிறது. ஒன்று முதல் கேள்விக்குச் சொன்ன உணவுப் பொருள். மற்றது பாலூட்டிகளில் ஒரு வரிசையின் பெயர், அறிவியலில் கார்னிவோரா. உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட லின்னேயஸ் 1758இல் இவற்றில் பெரும்பாலானவற்றைக் காட்டு விலங்கு என்று பொருள்படும் ஃபெரே என்ற பெயரில் வைத்தார். கார்னிவோரா என்ற பெயரை 1821இல் ஆங்கிலேயரான பௌடிச் இட்டார். நாய், பூனை, கரடி, கீரி, நீர்நாய், கழுதைப்புலி, கடல்நாய் எல்லாம் இதில் அடங்கும். வரிசை என்பது வம்சாவளி. பேரன் சைவமாகிவிட்டான் என்பதற்காகக் குடும்பப் பெயர் மாறாது.

அந்த வம்சத்தின் அடையாளம் பல்லில் இருக்கிறது. மேல்தாடையின் நாலாவது முன்கடைவாய்ப் பல்லும் கீழ்த்தாடையின் முதல் பின்கடைவாய்ப் பல்லும் கத்தரியின் இரு அலகுகள்போல் ஒன்றையொன்று உரசி அறுக்கும். பூனைக்கு ஒரு தடித்த இறைச்சித் துண்டைப் போட்டுப் பாருங்கள். முன்பல்லால் கடிக்காது. தலையை ஒருபுறம் சாய்த்து, துண்டை வாயின் ஓரத்துக்குத் தள்ளி, அங்கே வைத்து அறுக்கும். தாடை மேலும் கீழும்தான் அசையும், மாட்டின் தாடைபோல் பக்கவாட்டில் அரைக்காது.

பாண்டா கரடிக் குடும்பம். அந்த அறுக்கும் பல் அதற்கு அகன்று, அரைக்கும் பல்லாகிவிட்டது. ஆனால் குடல் இன்னும் குட்டையாகவே இருக்கிறது, அதனால் தின்னும் மூங்கிலில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செரிப்பதில்லை. அதை ஈடுகட்டத்தான் நாள் முழுதும் உட்கார்ந்து 12 முதல் 38 கிலோ வரை தின்கிறது. எழுதும்போது ‘பாண்டா ஊனுண்ணி வரிசையைச் சேர்ந்த தாவர உண்ணி’ என்று எழுதினால் முரண் தெரியாது. ‘வரிசை’ என்ற சொல்லை விட்டுவிட்டால்தான் வாசகர் முகம் சுளிப்பார்.

அப்போ முதலை, சுறா, கழுகு எல்லாம் ஊனுண்ணி இல்லையா?

உணவுப் பொருளில் ஊனுண்ணிகள், வரிசைப் பொருளில் இல்லை. அந்த வரிசை பாலூட்டிகளுக்கு மட்டும். பாலூட்டியாக இருந்து ஊன் தின்றாலும் எல்லாம் அதில் சேராது. டால்ஃபின் வேறு வரிசை. டாஸ்மேனியன் டெவில் வயிற்றுப்பையில் குட்டி வளர்க்கும் வேறொரு கிளை.

வரிசைக்குள்ளும் எதிர்பாராத உறவுகள் உண்டு. கழுதைப்புலி நாயைப்போல் தெரிந்தாலும் பூனைப் பக்கத்துக் கிளை, கீரிக்கு நெருக்கம். கடல்நாய் நாய்ப் பக்கத்துக் கிளை.

எவ்வளவு இறைச்சி தின்னா ஊனுண்ணி? ஏதாவது கணக்கு இருக்கா?

விலங்கியலாளர் பயன்படுத்தும் தோராயக் கணக்கு உண்டு. உணவில் 70 விழுக்காட்டுக்கு மேல் இறைச்சி என்றால் ஹைப்பர் கார்னிவோர், 30க்குக் கீழ் என்றால் ஹைப்போ கார்னிவோர், நடுவில் மீசோ கார்னிவோர். தமிழில் முழு ஊனுண்ணி, குறை ஊனுண்ணி, இடை ஊனுண்ணி என்றால் விளங்கும். புலியும் பனிக்கரடியும் முதல் வகை, நரி நடுவகை, பழத்தை விரும்பித் தின்னும் மரநாய் கடைசி வகைக்குப் பக்கத்தில்.

இது கோடு கிழித்த எல்லை அல்ல. பருவம் மாறினால் ஒரே கரடி ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். ஓரிரு மாத உணவை மட்டும் பார்த்து வகை சொல்வதில் வரும் தவறு இதுதான்.

மீன், பூச்சி, முட்டை மட்டும் தின்னா?

விலங்கின் உடல் எதுவானாலும் ஊன்தான், அதனால் எல்லாம் ஊனுண்ணியே. துல்லியம் வேண்டுமென்றால் மீனுண்ணி, பூச்சியுண்ணி என்று சொல்லலாம். ஆர்ட்வுல்ஃப் என்ற ஆப்பிரிக்க விலங்கு கழுதைப்புலிக் குடும்பம், ஆனால் ஓரிரவில் 2 லட்சத்துக்கும் மேல் கறையான்களை நக்கித் தின்று வாழ்கிறது. அதைப் பூச்சியுண்ணி என்றால்தான் வாசகருக்குச் சரியான படம் கிடைக்கும்.

நாய் சோறு தின்னுது, பூனையும் பால்சோறு தின்னுது. ரெண்டும் ஊனுண்ணிதானா?

வரிசையில் இரண்டும் ஊனுண்ணிகள். உடலின் தேவையில் பெரிய வேறுபாடு. பூனை கட்டாய ஊனுண்ணி. டாரின் என்ற சத்தை அதன் உடல் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ளாது. அது இறைச்சியில்தான் கிடைக்கும். கிடைக்காவிட்டால் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். காரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றவும் அதனால் முடியாது. இனிப்பை உணரும் மரபணு பழுதாகிவிட்டதால் இனிப்பே தெரியாது. பாலில் சர்க்கரை போடுவது போடுபவரின் திருப்திக்குத்தான்.

நாய் அப்படியில்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணு ஓநாய்க்கு 2 நகல்கள், நாய்க்கு 4 முதல் 30 வரை என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதரோடு வாழ்ந்ததன் தடம் அது. உணவை வைத்துச் சொன்னால் நாயை அனைத்துண்ணிப் பக்கம் சாய்ந்த ஊனுண்ணி எனலாம். நாய்க்குச் சரிப்படும் தீனியைப் பூனைக்கு நெடுநாள் போடக்கூடாது என்பதன் காரணமும் இதுதான்.

‘புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது’ன்னு சொல்றோம். ஆனா பூனையும் நாயும் புல் தின்னுதே?

புலியும் தின்னும். காட்டில் ஊனுண்ணிகளின் எச்சத்தில் செரிக்காத புல் அப்படியே கிடப்பது வழக்கமான காட்சி. செரிக்காமல் வெளியே வருவதிலேயே விடை இருக்கிறது: அது உணவு இல்லை. நார்ச்சத்தை உடைக்கும் நுண்ணுயிர்கள் தங்கி வேலைசெய்ய இடமோ நேரமோ பூனையின் குடலில் இல்லை. அதன் நீளம் உடலைப்போல் சுமார் 4 மடங்குதான், ஆட்டுக்கு 20 மடங்குக்கும் மேல். குடற்புழுவை வெளியே தள்ள உதவும் பழைய பழக்கம் இது என்பது வலுவான கருத்துகளில் ஒன்று. பழமொழி பசியைப் பற்றிப் பேசுகிறது, பசிக்காகப் புலி புல் தின்பதில்லை. ஆகவே பழமொழி சரிதான்.

மறுபுறமும் இப்படியே. மான் எலும்பைக் கடிப்பதும், கூட்டிலிருக்கும் குஞ்சைத் தின்பதும் பதிவாகியிருக்கின்றன. பாஸ்பரஸும் கால்சியமும் குறைவான நிலத்தில் மேயும் விலங்குகள் எலும்பைத் தேடும். அதனால் மான் அனைத்துண்ணி ஆகிவிடாது. எதைச் சார்ந்து வாழ்கிறது என்பதே வகையைத் தீர்மானிக்கிறது.

மனுஷனை ஊனுண்ணின்னு சொல்லலாமா?

அறிவியலில் மனிதன் அனைத்துண்ணி. இறைச்சி தின்னும் ஒருவரை ஊனுண்ணி என்பது இலக்கணப்படி தவறில்லை, நாடோடி, வழிகாட்டி போல அதே விகுதிதான். ஆனால் ஏச்சாகத்தான் கேட்கும். ஊன் உண்பவர், புலால் உண்பவர், அசைவம் சாப்பிடுபவர் என்று எழுதுங்கள். அசைவம் என்ற சொல்லை விலங்குக்குப் போடாதீர்கள். சமயத்தின் பெயரிலிருந்து பிறந்து உணவுமுறைக்கு வந்த சொல் அது. ‘அசைவப் புலி’ என்றால் சிரிப்புதான் வரும்.

மொழிபெயர்க்கும்போது எந்தச் சொல்லை எங்கே போடுறது?

பாடம், கட்டுரை, அறிவிப்புப் பலகை: ஊனுண்ணி. பெயரடையாக வந்தால் ஊனுண்ணும் (ஊனுண்ணும் மீன், ஊனுண்ணும் பல்லி). விலங்கியல் வரிசை என்றால் ஊனுண்ணி வரிசை. மாமிச உண்ணியும் தவறில்லை, பலருக்கு அதுவே பழக்கம். ஆனால் ஒரே நூலில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் வேறு வேறு என்று மாணவர் நினைத்துக்கொள்வார். மாமிச பட்சிணி கதையின் உரையாடலுக்கும் பழைய நடைக்கும் நன்றாக இருக்கும். மூலத்தில் வேட்டை, துரத்தல், கொலை பேசப்பட்டால் ஊனுண்ணியை விட்டுவிட்டு கொன்றுண்ணி அல்லது வேட்டை விலங்கு என்று போடுங்கள்.

பூச்சி பிடிக்கிற செடியை ‘ஊனுண்ணித் தாவரம்’னு சொல்றது சரியா?

வழக்கில் வந்துவிட்டது, சொன்னால் புரியும். ஆனால் அந்தச் செடிகளுக்கு வயிற்றுக்குச் சோறு சூரிய ஒளியிலிருந்துதான். மற்றச் செடிகளைப்போல் மாவுச்சத்தைத் தாமே செய்துகொள்கின்றன. சத்தற்ற சேற்று நிலத்தில் வளர்வதால் நைட்ரஜனும் பாஸ்பரஸும் போதாமல், அதற்காகப் பூச்சியைச் செரிக்கின்றன. வீனஸ் ஃப்ளைடிராப்பின் இலைக்குள் இருக்கும் மயிரை ஒருமுறை தொட்டால் மூடாது. சுமார் 20 நொடிக்குள் இரண்டாம் முறை தொட்டால்தான் மூடும். மழைத்துளிக்கு ஏமாந்து வீணாக மூடாமலிருக்க இந்த ஏற்பாடு. பூச்சி கிடைக்காவிட்டாலும் செடி வாழும், வளர்ச்சி மட்டும் மெதுவாகும்.

டார்வின் 1875இல் இவற்றைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பில் ‘பூச்சியுண்ணும்’ என்ற சொல்லையே வைத்தார். பெரிய குடுவைச் செடிகளில் சிலவேளை தவளையும் சுண்டெலியும் விழுவதால் பின்னால் வந்தவர்கள் ஊனுண்ணும் என்று விரித்துக்கொண்டார்கள். தமிழில் பூச்சியுண்ணும் தாவரம் என்பது பெரும்பாலான இடங்களில் போதும். தவளை விழும் குடுவையைப் பற்றி எழுதும்போது மட்டும் ஊனுண்ணும் தாவரம் என்று மாற்றிக்கொள்ளலாம்.